திரைக்குப் பின்னால் இரண்டாவது கிட்டார்

என்னை எங்கள் கிட்டார் கூட்டத்தில் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் கொடுத்தவர் எங்களில் ஒருவரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஒன்பது வருடமாக அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடலாம் போலிருக்கிறது.

எனக்குத் தொழில் பல் செட்டு செய்வது. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு வைத்து, பல் பதித்து, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற மாதிரி கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து, பொய்ப்பல்லை நிஜப்பல்லாகக் காட்டுகிற வேலை. அதில் நான் கெட்டிக்காரன். அது இந்தக் கதைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கண்ணாடிக்கடையின் பின்னறையில் கூடுவோம். கண் பரிசோதனை செய்கிற அறை அது. ஒரு சுவரில் எழுத்துப் பலகை, எதிரே ஏற்றி இறக்குகிற நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் கனமான கறுப்புத் திரை. நாங்கள் நான்கு பேர். கடைக்காரர், மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர், நான். நான்கு பேருக்கும் பழைய கிட்டார் பைத்தியம். நாற்பது வயதுக்குக் குறைந்த கிட்டாரை நாங்கள் கிட்டார் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ‘பெட்டி’ என்போம்.

அப்படி என்னதான் இருக்கிறது பழசில் என்று என் மனைவி கேட்காத வாரமில்லை. நானும் சளைக்காமல் சொல்வேன். மரம் அறுபட்ட பிறகும் பல வருடம் உள்ளுக்குள் காய்ந்துகொண்டே இருக்கும். பசை இறுகிக் கல்லாகும். மேலே பூசிய மெருகு வருடத்துக்கு வருடம் மெலியும். மேல்பலகை கம்பிகளின் இழுப்புக்கு அரை நூற்றாண்டு அதிர்ந்து பழகியிருக்கும். புதுசில் ஆறு கம்பியையும் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தால், விசாரணை ஜன்னல் முன்னால் முண்டியடிக்கிறவர்கள் மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். பழசில் ஆறும் சேர்ந்துதான் ஒலிக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். தடித்த கம்பி, மரக்கதவை விரல்முட்டியால் தட்டியது போல வறண்டு வரும், சட்டென்று அடங்கும். அது அடங்கிய பிறகு அறை கொஞ்சம் பெரிதானது போல இருக்கும். இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மனைவி, “சரி, சாப்பிட வாங்க” என்பாள்.

மருந்துக்கடைக்காரர்கூட நம்பமாட்டார். “இதெல்லாம் பாதி பிரமைங்க. ஆசப்பட்டு வாங்கினவனுக்குக் கேக்கும், சும்மா வந்தவனுக்குக் கேக்காது” என்பார். எங்களில் அதிகம் பழைய கிட்டார் வைத்திருந்தவர் அவர்தான்.

பிரமையா இல்லையா என்று பார்க்கத்தான் ‘திரை’ வந்தது. யாராவது புதிதாக ஒரு பழைய கிட்டார் கொண்டுவந்தால், அதோடு வேறு இரண்டைச் சேர்த்துத் திரைக்குப் பின்னால் வைப்போம். கொண்டுவந்தவர் நாற்காலியில் எழுத்துப் பலகையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். பின்னால் ஒருவர் மூன்றிலும் ஒரே பாட்டை வாசிப்பார். உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொன்றின் குரலையும் வர்ணித்து, கடைசியில் தன்னுடையது எத்தனையாவது என்று சொல்ல வேண்டும். தவறினால் அன்றைய டீ கிளாஸ்களை அவர் கழுவ வேண்டும். வாசிப்பவர் எங்களுக்குப் பழகாத ஆளாக இருந்தால் விசேஷம். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: கையைக் கேட்காதே, மரத்தைக் கேள். ஒன்பது வருடத்தில் நான் ஒரு கிளாஸ்கூடக் கழுவியதில்லை.

என் தங்கை குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். வேலைக்குப் போகிற பெற்றோர் விட்டுவிட்டுப் போகும் இரண்டு வயது, மூன்று வயது வாண்டுகள். மதியத்தில் அவர்களைத் தூங்கவைக்க கிட்டார் வாசிப்பாள். கிட்டார் அவளுடைய மாமனாருடையது. அவர் ஓர் ஓட்டலில் சாயங்காலங்களில் வாசித்துப் பிழைத்தவர். கண்ணை மூடும்போது மகனுக்கு வீட்டைக் கொடுத்தார், மருமகளுக்குக் கிட்டாரைக் கொடுத்தார். மாப்பிள்ளை அதற்கு வருத்தப்படவில்லை. அவருக்குச் சங்கீதமும் குக்கர் விசிலும் ஒன்று.

அந்தக் கிட்டாரை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உடம்பெல்லாம் குழந்தைகள் ஒட்டிய படங்கள். வாத்து, பஸ், முதுகில் பெரிதாக ஒரு நட்சத்திரம். ‘பெட்டி’ என்று நினைத்துத் தொட்டதுகூட இல்லை. போன வருடம் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, “அண்ணா, ஒரு கம்பி அறுந்து போச்சு. மாட்டிக் குடுங்களேன்” என்று கையில் கொடுத்தாள். கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, சும்மா ஓர் இழுப்பு இழுத்தேன்.

அப்படி ஒரு குரலை நான் எங்கள் பின்னறையில் கேட்டதில்லை. கனமே இல்லாத குரல். பேசத் தெரிந்தவர் மெதுவாகப் பேசுவது போல, உரக்க வாசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், அறையின் மூலை வரை போனது. மெல்லிய கம்பிகளில்கூடக் கூச்சல் இல்லை. இன்னொரு தடவை இழுத்தேன். தங்கை அடுப்படியிலிருந்து, “சரியாயிடுச்சா அண்ணா?” என்று கேட்டாள்.

என் சட்டைப் பையில் எப்போதும் பல் டாக்டர்கள் வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடி இருக்கும். அதைக் கிட்டாரின் வட்டத் துளைக்குள் விட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் மேல்பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே பென்சிலால் ஒரு தேதி. நான் பிறப்பதற்கு இருபத்தொரு வருடம் முன்னால். கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். தங்கை ஈரக்கையோடு வெளியே வந்தபோது என் முகம் தயாராக இருந்தது.

“என்ன அண்ணா, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“மரம் செத்துப்போச்சும்மா” என்றேன். “கழுத்து வேற வளைஞ்சிருக்கு. இந்தக் கம்பி எவ்வளவு இழுப்பு இழுக்குது தெரியுமா? என்னைக்காவது ஒரு நாள் பொளந்துக்கும். சின்னக் குழந்தைங்க பக்கத்துல உக்காந்திருக்கிற எடம். கண்ணுல கிண்ணுல பட்டுச்சுன்னா?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கழுத்து கொஞ்சம் வளைந்திருந்தது உண்மை. அறுபது எழுபது வயதில் எல்லாக் கழுத்தும் கொஞ்சம் வளையும், அதனால் ஒன்றும் பிளக்காது. உண்மையில் ஒரு துளி கலந்தால் பொய்க்கு நல்ல நிறம் வரும். அது என் தொழில்.

“இப்ப என்ன அண்ணா பண்றது?”

“என்கிட்ட புதுசு ஒண்ணு சும்மா கெடக்கு. அதை வச்சுக்கோ. இதை நான் எடுத்துட்டுப் போய் யாராவது தச்சருகிட்ட குடுத்துடறேன். வெறகுக்குத்தான் ஆகும்.”

அவள் கிட்டாரை ஒரு நிமிடம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு துணியால் முன்னும் பின்னும் துடைத்து என்னிடம் கொடுத்தாள். விறகைத் துடைத்துக் கொடுக்கிறாளே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மறுநாளே என் புதுக் கிட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுடைய மகள், பதிமூன்று வயது, அம்மாவிடம் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தவள், “மாமா, பளபளன்னு இருக்கு” என்று துள்ளினாள். மாப்பிள்ளை, “எதுக்கு மச்சான் இவ்வளவு செலவு?” என்று கூச்சப்பட்டார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து படங்களை ஒவ்வொன்றாக உரித்தேன். வாத்தும் பஸ்ஸும் சுத்தமாக வந்துவிட்டன. நட்சத்திரம் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் மரம் வெளிச்சம் படாமல் வெளிறிக் கிடந்தது. எவ்வளவு தேய்த்தும் அந்த நட்சத்திரம் போகவில்லை.

கூட்டத்துக்கு உடனே கொண்டுபோகவில்லை. ஏழெட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்து வாசித்தேன். யாரிடமும் காட்டாத பொருளில் பாதி சுகம்தான், இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசை தாங்காமல் எடுத்துக்கொண்டு போனேன். பழைய வீடு ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்தது என்றேன். டிரைவர் வாங்கி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, “யோவ்” என்று மட்டும் சொன்னார். மருந்துக்கடைக்காரர் வாங்கி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர் முதுகைத் திருப்பிப் பார்த்து, “இதென்னங்க நட்சத்திரம்?” என்றார். “முன்னாடி வச்சிருந்தவங்க ரசனை” என்றேன். அடுத்த வாரம் திரை என்று முடிவாயிற்று. கிட்டாரை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது மூவரும் வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தில் இருந்தார்கள். “இன்னைக்கு ஒரு புது கை கெடச்சிருக்கு. கண்ணாடி வாங்க வந்த ஒருத்தங்க. நல்லா வாசிப்பாங்களாம். பின்னாடி உக்காந்திருக்காங்க, பாக்கக் கூடாது” என்றார் கடைக்காரர். டிரைவர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். மூவரும் சுவரோரமாக, என் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்கள். விளக்கைக் குறைத்தார்கள். பலகையில் மேல்வரிசைப் பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது.

முதல் கிட்டார். எளிமையான ஒரு பாட்டு, மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. முழுக்க வாசித்தார்கள். “இது டிரைவரோடது” என்றேன். “குரல்ல கொஞ்சம் ஜலதோஷம் இருக்கு.” எல்லோரும் சிரித்தார்கள். திரைக்குப் பின்னாலும் சின்னதாக ஒரு சிரிப்பு.

அடுத்த கிட்டாருக்கு வெகு நேரம் ஆயிற்று. சுருதி பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஆரம்பித்தது. முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே பாட்டு, அந்த வறண்ட தடித்த கம்பி, அந்தக் கனமில்லாத குரல். முழுக்கக் கேட்டேன். மூன்றாவதும் வாசித்தார்கள், அதை நான் காதில் வாங்கவேயில்லை.

“மூணாவது நம்ம மருந்துக்கடையோடது. ரெண்டாவது என்னோடது” என்றேன். “குரல் சொல்றேன் கேளுங்க. இந்த மரம் உயிரோட இருக்கு. அம்பது அறுபது வருஷமா யாரோ ஒருத்தர் தெனமும் வாசிச்சிருக்காங்க, மேல்பலகை பூரா பழகிக் கெடக்கு. இப்படி ஒண்ணு இனி செய்ய முடியாது. செஞ்சாலும் நாம இருக்க மாட்டோம் கேக்கறதுக்கு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையோ எதிர்பார்க்கிற முகங்கள். இன்னும் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்து, வாய் நீண்டது.

“இதை வச்சிருந்த அம்மாவுக்கு அருமையே தெரியலைங்க. வாத்து படம் ஒட்டி வச்சிருந்தாங்க இதுமேல! பளபளன்னு ஒரு புதுப் பெட்டியைக் குடுத்தேன். வாயெல்லாம் பல்லா வாங்கிக்கிட்டு இதைத் தூக்கிக் குடுத்துட்டாங்க. துடைச்சு வேற குடுத்தாங்க! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?”

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து விளக்கைப் போட்டார். “கை எப்படி? வாசிச்சவங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?” என்றார்.

“கையைக் கேக்கக் கூடாதுன்னுதானே நம்ம சட்டம்?” என்றேன் நான்.

அவர் திரையை இழுத்தார். நான் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினேன்.

என் தங்கை உட்கார்ந்திருந்தாள். முகத்தில் புதுக் கண்ணாடி. கடைக்காரர் நம் சிநேகிதர், நல்லா பண்ணுவார், அங்கேயே போ என்று நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன். மடியில் அந்தக் கிட்டார், முதுகு என் பக்கம் தெரிகிற மாதிரி. நட்சத்திரத்தின் மேல் அவள் உள்ளங்கை இருந்தது.

உலகத்தில் எத்தனையோ வார்த்தைகள் இருக்கின்றன. ‘இவ என் தங்கச்சி’ என்பது அதில் மூன்று. அந்த மூன்றும் என் தொண்டையில் இருந்தன. சொன்னால் கிட்டாரின் கதை வெளியே வரும், காப்பகம் வரும், வாத்து வரும், கழுதை யார் என்பது வரும். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் புதுக் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை விநாடி காத்திருந்தாள் என்று தெரியாது. எனக்குக் கொடுத்த நேரம் அது.

“சரியா சொன்னீங்க. ரெண்டாவதுதான்” என்றாள் கடைசியில், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு. கிட்டாரை நாற்காலியில் பதமாகச் சாய்த்து வைத்தாள். மூவரையும் பார்த்து, “வர்றேங்க” என்று சொல்லிவிட்டுக் கடை வழியாக வெளியே போனாள். நான் அசையவில்லை. டீ வந்தது. குடித்தேன். அன்றைக்குக் கூட்டம் சீக்கிரம் கலைந்தது. கிட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் போன் செய்தேன், அவள் எடுக்கவில்லை. வேலையிடத்தில் ஒரு கீழ்த்தாடைச் செட்டுக்கு மேல்தாடைப் பல்லைப் பதித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை. ஐந்தாவது நாள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. அவள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே வரச்சொல்லவில்லை.

“இந்தாம்மா. உன்னோடது. நான் பண்ணினது தப்பு.”

அவள் கிட்டாரைப் பார்க்கவில்லை. “வெறகுன்னீங்களே. வெறகை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டுவர்றீங்க?”

நான் கிட்டாரை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

“ஆசையா இருக்குன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். குழந்தைங்க கண்ணுல படும்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு நைட்டு பூரா எனக்குத் தூக்கமே வரல. இத்தன நாளா அதுங்க பக்கத்துல வச்சு வாசிச்சேனேன்னு. அதுகூடப் போகட்டும். கழுதைன்னீங்க, அதுவும் போகட்டும். நான் கேக்கறேன்னு தெரியாம சொன்னது. தெரிஞ்ச பிறகு?” அவள் குரல் உடைந்தது. “அவங்க முன்னாடி தங்கச்சின்னு சொல்லிக்க அவ்வளவு வெக்கமா அண்ணா?”

“உன்னை நெனச்சு இல்லம்மா. என்னை நெனச்சு.”

“அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?” என்றாள். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. படாரென்று சாத்தியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிறு வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். வயிற்றைக் கலக்குகிறது என்று மனைவியிடம் சொல்லியும் பார்த்தேன். பிறகு கிட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். மூவரும் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“பழைய வீடு காலி பண்ணப்ப கெடச்சதுன்னு சொன்னது பொய். இது என் தங்கச்சியோடது. மரம் செத்துப்போச்சு, பொளந்துக்கும்னு பயமுறுத்தி வாங்கிட்டு வந்தேன். போன வாரம் திரைக்குப் பின்னாடி உக்காந்து வாசிச்சாங்களே, அவங்கதான். என் கூடப்பொறந்த தங்கச்சி.”

சொல்லிவிட்டு அவர்கள் திடுக்கிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திடுக்கிடவில்லை. டிரைவர் தரையைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் தன் விரல்களைப் பார்த்தார்.

“தங்கச்சின்னு எங்களுக்குத் தெரியுமே” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “வந்தவுடனே சொல்லிட்டாங்க. நீங்க ஏன் தெரியாத மாதிரி உக்காந்திருந்தீங்கன்னுதான் வாரம் பூரா எங்களுக்குப் புரியல. இப்பப் புரிஞ்சிடுச்சு.”

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று முகங்கள். டிரைவரின் காரணமில்லாத சிரிப்பு. ‘கை எப்படி?’ என்ற கேள்வி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிப் பேசினார். “நாங்கதான் உங்க தங்கச்சிகிட்ட கேட்டோம், ‘உங்க கையை அவர் கண்டுபிடிச்சிட்டா ஆட்டம் கெட்டுப்போயிடுமே’ன்னு. அதுக்கு அவங்க, ‘கண்டுபிடிக்கத்தான் போறார். எங்க அண்ணனுக்கு என் கை தெரியாதா? ரெண்டு வரி வாசிக்கிறதுக்குள்ள எந்திரிச்சு வந்து திரையை இழுத்துடுவார், பாருங்க’ன்னாங்க. நாங்க அதைப் பாக்கத்தான் உக்காந்திருந்தோம்.”

மூன்று தடவை. மூன்று கிட்டாரில், முழுப் பாட்டையும், மூன்று தடவை வாசித்திருக்கிறாள். முதல் தடவை சிரித்துக்கொண்டே, நான் எழுந்து வருவேன் என்று காத்துக்கொண்டு. இரண்டாவது கிட்டாரை எடுத்து நட்சத்திரத்தைப் பார்த்த பிறகும் வாசித்தாள். அந்த வெகு நேர இடைவெளியை நான் சுருதி பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் மேசையிலிருந்த நான்கு டீ கிளாஸ்களையும் எடுத்துக்கொண்டு போய்க் கைகழுவுமிடத்தில் கழுவினேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோது கடைக்காரர் கிட்டாரை உறைக்குள் போட்டுத் தயாராக வைத்திருந்தார். “நேரா அங்க போங்க” என்றார். ‘காது’ என்று சேர்த்துச் சொல்லவில்லை.

நேராகப் போனேன். மூன்று மாடி ஏறிக் கதவுக்கு முன்னால் நின்றேன். மணியை அழுத்தக் கை போனது, அழுத்தவில்லை. உள்ளே கிட்டார் கேட்டது. நான் கொடுத்த அந்தப் புதுப் பெட்டி. அதே பாட்டு, குழந்தைகளைத் தூங்கவைக்கிற பாட்டு.

மரத்தைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை, சத்தியமாக. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையை மட்டும் கேட்டேன். கட்டைவிரல் ஒரு மயிரிழை தாமதமாக விழுந்தது, குழந்தை கண்ணை மூடிவிட்டதா என்று பார்த்துவிட்டு வாசிப்பது போல. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கொஞ்சம் நின்று, தயங்கி, பிறகுதான் அடுத்த சுற்றுக்குப் போனது. இவ்வளவு பொறுமையான கை என் தங்கையுடையது என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போயிற்றே. சுவரில் சாய்ந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனிமேல் எங்கே கேட்டாலும், எத்தனை திரைக்குப் பின்னால் கேட்டாலும் இந்தக் கையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் மாடிப்படியில் செருப்புச் சத்தம். திரும்பினேன்.

தங்கை ஏறி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் காய்கறிப் பை, மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து நின்றாள். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?”

“பாட்டு ஆரம்பிச்சதிலேர்ந்து.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண்ணீரைத் துடைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. கதவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“உள்ள யாருன்னு நெனச்சீங்க?” என்றாள்.

உள்ளே அவள் மகள் ஓர் இடத்தில் தப்பாக வாசித்து, “ச்சே” என்று சலித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நல்ல நிறமாக ஒன்று என்னிடம் தயாராகவே இருந்தது. “நீன்னு நெனச்சேம்மா” என்றேன்.

அவள் சிரிப்பாள் என்றோ அழுவாள் என்றோ நினைத்தேன். இரண்டும் இல்லை. “அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“சொல்லிட்டேன். அவங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“ஆமா. நான்தான் சொன்னேன்” என்றாள். பிறகு காய்கறிப் பைகளை என் பக்கம் நீட்டினாள். நான் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு அவற்றை வாங்கிக்கொண்டேன். அவள் கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவியைத் தேடினாள்.